சீட்டுக்கு அடியில் கிடந்த பட்டாளத்துக் கத்தி

ராத்திரி பதினொன்றரை மணிக்கு வந்த போன். "அண்ணாச்சி, ஸ்டேஷன்ல உக்கார வச்சிருக்காங்க. அருவா இல்ல அண்ணாச்சி, கத்திதான். பழைய பட்டாளத்துக் கத்தி. நான் ஆசையா சேத்து வைக்கிறது." குரல் நடுங்கியது. அவர் மேல் அதுவரை ஒரு பெட்டி கேஸ்கூடக் கிடையாது.

நான் போய்ப் பார்த்தபோது ரைட்டர் மேசையில் அது கிடந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த பிரிட்டிஷ் ராணுவ சர்வைவல் கத்தி. அலகு 7 அங்குலம், முதுகு கால் அங்குலத் தடிமன். அலகிலிருந்து பிடியின் அடி வரை ஒரே இரும்பு, இரண்டு பக்கமும் கட்டை வைத்து ரிவெட் அடித்தது. தூக்கினால் ஏறக்குறைய அரைக் கிலோ. ஆளில்லாத காட்டில் மாட்டிக்கொண்ட வீரன் விறகு பிளக்க, கொம்பு வெட்டிக் குடில் போட, குழி தோண்ட என்று செய்த சாமான். அழகான பொருள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது கிடந்த இடம் கார் சீட்டுக்கு அடி, வாகனச் சோதனை நடந்த இடம் நம் திருநெல்வேலிச் சீமை. இங்கே சீட்டுக்கு அடியில் இரும்பு இருந்தால் போலீஸ்காரருக்கு ஒரே அர்த்தம்தான் தோன்றும். இருபது வருடமாகப் பாளையங்கோட்டைக் கோர்ட்டில் வெட்டுக் கேஸ்களைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

இப்படிக் கத்தி சேர்ப்பவர்கள் என்னிடம் வந்தால் நான் முதலில் கேட்பது, "இது எந்த வேலைக்காகச் செய்தது?" என்றுதான். 1959-ஆம் வருட ஆயுதச் சட்டமும் அதைத்தான் கேட்கிறது. தாக்கவோ தற்காக்கவோ என்று வடிவமைத்தது ஆயுதம். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்தது ஆயுதத்தில் சேராது. பனையேறியின் பாளை அரிவாளுக்கும் வாழைத்தார் வெட்டுகிற அரிவாளுக்கும் அந்த நிழல் உண்டு. பட்டாளத்துக்கென்று அடித்த கத்தி அந்த நிழலில் ஒதுங்க முடியாது.

அடுத்து டேப் எடுங்கள். ஆயுத விதிகளில் ஐந்தாம் வகை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. வாள், குத்துவாள், துப்பாக்கி முனை ஈட்டி, கூர்க்கா வீரர்களின் வளைந்த கத்தியான குக்ரி எல்லாம் அதில் வரும். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு என்பது அங்கே சொல்லியிருக்கும் அளவு. மத்திய அரசு அறிவிக்கை போட்ட பகுதிகளில் இவற்றை வைத்திருக்கவே உரிமம் வேண்டும். அமெரிக்க மரைன் படை 1942-இல் எடுத்துக்கொண்ட கேபார் கத்தி 7 அங்குலம். அவர்களுடைய விமானிகளுக்குக் கொடுத்த கத்தி முதலில் 6, பிறகு 5 அங்குலம். இவை அளவுக்குள் அடங்கும். இரண்டாம் உலகப் போர்க்கால குக்ரி அப்படியல்ல, 9 அங்குலத்தைத் தாராளமாகத் தாண்டும். அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் கலெக்டர் ஆபீஸ் ஆயுத உரிமப் பிரிவில் உரிமம் வேண்டுமா என்று எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

"ஆன்ட்டிக் பொருளுக்கு இதெல்லாம் கிடையாதே சார்" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். தப்பு. அதே சட்டத்தின் 45-ஆம் பிரிவில் பழைய ஆயுதங்களுக்கு ஒரு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் அதன் வாசகத்தைப் படித்தால், ரிப்பேர் செய்தாலும் சுட முடியாமல் போன துப்பாக்கியை மனதில் வைத்து எழுதியது என்பது புரியும். துப்பாக்கி செத்துப்போகும். கத்தி ஐம்பது வருடம் கழித்தும் வெட்டும். 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்தில் இப்படிப்பட்ட பொருளைத் தொல்பொருள் என்று சொல்லவே 100 வருடம் ஆகியிருக்க வேண்டும். 1980-களில் செய்த கத்திக்கு அந்தப் பேச்சே இல்லை.

அளவுக்குள் இருக்கிறது என்பதற்காக இடுப்பில் செருகிக்கொண்டு திரியலாம் என்றும் நினைக்க வேண்டாம். ஒரு சின்னத் தகராறில் அது கைக்கு வந்துவிட்டால், ஆபத்தான ஆயுதத்தால் காயம் ஏற்படுத்தியதாக இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 118-ஆம் பிரிவு வரும். அங்கே யாரும் அங்குலக் கணக்குக் கேட்பதில்லை.

எனக்கு அதிகம் பயம் தருவது மலைக்குப் போகிற பையன்கள். சர்வைவல் கத்தி என்றாலே காட்டுக்குத்தானே என்று பையில் போட்டுக்கொள்கிறார்கள். காரையாறு, மாஞ்சோலை எல்லாம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வரும் பகுதிகள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவுப்படி சரணாலயத்துக்குள் முன்கூட்டியே எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. அந்தச் சட்டம் ஆயுதம் என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்தில் கத்தி என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. நீள அகலம் எதுவும் அங்கே கிடையாது. மீறினால் 3 வருடம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காட்டில் பிழைக்கச் செய்த கத்தியை நம் காட்டுக்குள் கொண்டுபோக முடியாது. தம்பிகளா, டார்ச்சும் தண்ணீரும் போதும்.

கத்தியைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவதும் வேண்டாம். நம் ஊரில் அப்படி ஒரு படத்தை எதிர்த்தெருக்காரர் தனக்கு விட்ட சவாலாகத்தான் எடுத்துக்கொள்வார்.

வீட்டில் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். அலகில் அடித்திருக்கும் முத்திரைதான் உங்கள் சாட்சி. பிரிட்டிஷ் அரசுச் சொத்துக்கு அடையாளமான அகன்ற அம்புக்குறி, ஸ்டாக் எண், சிலவற்றில் வருடம். துரு எடுக்கிறேன் என்று சாணைக்காரரிடம் கொடுத்தால் சக்கரத்தின் சூட்டில் இரும்பின் பதம் போகும், முத்திரையும் தேயும். சேகரிப்பு விலையோடு சாட்சியும் போய்விடும். வாங்கிய பில், முத்திரை தெரிகிற போட்டோ, அலகின் அளவு எழுதிய தாள், மூன்றையும் ஒரே கவரில் வையுங்கள். கத்தியைப் பூட்டிய பீரோவில் வையுங்கள், ஆனால் தோல் உறைக்குள் வைக்க வேண்டாம். தோல் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். தேங்காயெண்ணெய் பிசுபிசுத்துப் போகும், தையல் மிஷின் எண்ணெய் மெல்லியதாக ஒரு பூச்சு போதும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தால் அன்று ராத்திரியே துடைத்துவிடுங்கள். வீட்டில் வளர்ந்த பையன் இருந்தால் பீரோச் சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும். "விளையாட்டுக்குத்தான் எடுத்தேன்" என்று தொடங்கும் வாக்குமூலங்களை நான் படித்திருக்கிறேன்.

அன்றைய கத்திக்கு வருகிறேன். அவரிடம் பில் இல்லை. சேகரிப்பவர் என்பதைக் காட்ட வீட்டிலிருந்த மற்றக் கத்திகளின் போட்டோக்களை வைத்து வாதாட வேண்டியிருந்தது. வழக்கு முடியும் வரை அது சான்றுப் பொருளாக ஒரு சாக்குக்குள், எண் எழுதிய சீட்டோடு கிடந்தது. நடுவில் இரண்டு ஐப்பசி கார்த்திகை போயிற்று. உத்தரவு வாங்கி எடுத்தபோது உறையெல்லாம் பூஞ்சை, அலகு முழுக்கச் செந்துரு. அவர் அங்கேயே கைக்குட்டையால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்புக்குறியில் ஒரு கோடு மட்டும் தெரிந்தது.