ஹடர்ஸ்ஃபீல்டின் சைக்ஸ்கள்: ஒரு குடும்பப் பெயர் பிறந்து பரவிய விதம்

இங்கிலாந்தின் வடபகுதியில், பென்னைன் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில், ஹடர்ஸ்ஃபீல்டு என்ற நகரமும் அதையொட்டிக் கோல்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கும் இருக்கின்றன. யார்க்‌ஷயரின் மேற்குப் பக்கத்தில் அமைந்த இப்பகுதியில், சைக்ஸ் என்ற குடும்பப் பெயரைத் தாங்கியவர்கள் வேறெங்கும் காண முடியாத அடர்த்தியில் வாழ்ந்து வந்திருக்கிறார்கள். 1881ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து அந்தப் பெயருக்கு ஒரு வரைபடம் தீட்டினால், இந்த வட்டாரத்தில் நிறம் அடர்ந்து திரண்டு, விலக விலக வெளிறிப் போவதைப் பார்க்கலாம்.

வட இங்கிலாந்துப் பேச்சு வழக்கில் அந்தப் பெயர் மேட்டுக் கரம்பு நிலத்தில் ஓடும் சிற்றோடையைக் குறிக்கும். இத்தகைய ஓடைகள் பல இடங்களில் நிலங்களுக்கு எல்லையாகவும் அமைந்திருந்தன. ஓடை இல்லாத ஊர் அந்த மலைப்பகுதியில் ஏது? ஆகவே வெவ்வேறு ஊர்களில், ஓடைக்கரையில் குடியிருந்த வெவ்வேறு மனிதர்களுக்கு இப்பெயர் தனித்தனியே ஏற்பட்டிருக்க வேண்டும் என்றே ஆவணங்களைப் படித்தவர்கள் கருதினார்கள். அது நியாயமான ஊகம்தான். ஆனால் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு மரபியல் ஆய்வு, இன்றைய சைக்ஸ்கள் பெரும்பாலும் ஒரே ஆணின் வழிவந்தவர்களாக இருக்கக்கூடும் என்று காட்டியது. ஒரு மனிதரின் பெயர் 700 ஆண்டுகளில் ஒரு பள்ளத்தாக்கையே நிறைத்தது எப்படி என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் அப்பெயர்கள் எப்படி நிலைபெற்றன என்பதைப் பார்க்க வேண்டும்.

1066இல் நார்மானியர்கள் படையெடுத்து வருவதற்கு முன் இங்கிலாந்தில் தலைமுறை தாண்டித் தொடரும் குடும்பப் பெயர் என்பது ஏறத்தாழ இல்லை. நார்மானியப் பிரபுக்கள் தங்கள் நிலவுடைமையின் பெயரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த 300 ஆண்டுகளில் அவ்வழக்கம் தெற்கில் முன்னதாகவும் வடக்கில் தாமதமாகவும் சாதாரண மக்களிடம் இறங்கியது. இதற்கு ஒரு நடைமுறைத் தேவை இருந்தது. ஜான், வில்லியம், தாமஸ், ராபர்ட், ரிச்சர்ட் என்ற ஒரு சில பெயர்களே திரும்பத் திரும்பச் சூட்டப்பட்ட காலத்தில், ஓர் ஊரில் ஐந்து ஜான்கள் இருந்தால் ஏடெழுதுபவர் அவர்களைப் பிரித்துக் காட்டியாக வேண்டும். தந்தையின் பெயர், செய்யும் தொழில், குடியிருக்கும் இடம், உடலிலோ குணத்திலோ தெரியும் ஓர் அடையாளம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று பெயரோடு ஒட்டிக்கொண்டது.

ஒட்டிக்கொண்ட அடைமொழி மகனுக்கும் ஏன் இறங்க வேண்டும் என்பதற்கான விடை நிலத்தில் இருக்கிறது. ஹடர்ஸ்ஃபீல்டுக்கு அருகே வேக்ஃபீல்டு என்ற பெரிய பண்ணை ஆட்சிப் பகுதி இருந்தது. அதன் நீதிமன்றப் பதிவுச் சுருள்கள் 1274 முதல் கிடைக்கின்றன. குத்தகை உழவர் ஒருவர் இறந்தால், வாரிசு அங்கே வந்து, நிலக்கிழாருக்குரிய கட்டணத்தைச் செலுத்தி, நிலம் தன் பெயருக்கு மாறியதைச் சுருளில் பதியச் செய்ய வேண்டும். தந்தைக்கு எழுதப்பட்ட அதே அடைமொழி மகனுக்கும் எழுதப்பட்டால் அவனுடைய உரிமைக்கு அது ஒரு சான்றாகிறது. நிலம் கைமாறும் வழியிலேயே பெயரும் கைமாறியது என்பதுதான் இந்த வரலாற்றின் அடிப்படை என்று நான் கருதுகிறேன்.

இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த நிலையை 1379ஆம் ஆண்டின் தலைவரிப் பட்டியலில் நேரடியாகப் பார்க்கலாம். இரண்டாம் ரிச்சர்டு மன்னனின் ஆட்சியில் விதிக்கப்பட்ட அந்த வரியைச் சாதாரணக் குடிமக்கள் தலைக்கு 4 பென்ஸ் வீதம் செலுத்தினார்கள். யார்க்‌ஷயரின் மேற்குப் பகுதிக்கான பட்டியல்கள் நல்ல நிலையில் தப்பியிருக்கின்றன. அவற்றில் ஒருவர் ஊர்ப்பெயரோடு நிற்கிறார். அடுத்தவர் இன்னாரின் மகள் என்று மட்டும் குறிக்கப்படுகிறார். மற்றொருவர் இன்னாரின் வேலையாள் என்பதே அவருடைய பெயராகி நிற்கிறது. சிலருக்குப் பெயர் உறைந்துவிட்டது, சிலருக்கு இன்னும் இளகிய நிலையிலேயே இருந்தது.

பெயர் நிலைபெறுவது வேறு, பிழைத்திருப்பது வேறு. இங்கிலாந்தில் பெயர் மகன் வழியாகவே தொடர்ந்தது என்பதால், மகன் இல்லாத ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிளை முடிந்துபோனது. புகழ்பெற்ற குடும்பங்களின் பெயர்கள் ஏன் மறைகின்றன என்று யோசித்த பிரான்சிஸ் கால்டன், 1873இல் இதை ஒரு கணக்காக மாற்றிப் பத்திரிகையில் வெளியிட்டார். ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் அதற்கு விடை எழுத, இருவரின் கட்டுரை 1874இல் வந்தது. எல்லாப் பெயர்களும் இறுதியில் அழிந்தே தீரும் என்று வாட்சன் முடிவு கட்டினார். அவருடைய சமன்பாட்டுக்கு இரண்டு விடைகள் இருக்க, அவர் ஒன்றை மட்டுமே கண்டதால் நேர்ந்த பிழை அது. பிரெஞ்சுக் கணிதவியலர் பியனமே 1845இலேயே சரியான முடிவைச் சொல்லியிருந்தார்: ஓர் ஆணுக்குச் சராசரியாக ஒரு மகனோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் பெயர் அழிவது உறுதி, ஒன்றுக்கு மேல் இருந்தால் பிழைக்க வாய்ப்புண்டு.

அந்த வாய்ப்பு எவ்வளவு சிறியது என்பதே வியப்பூட்டுவது. ஆல்பிரட் லோட்கா என்பவர் 1930களில் அமெரிக்க வெள்ளையர்களின் புள்ளிவிவரத்தைக் கொண்டு இதைக் கணக்கிட்டார். அவர் பயன்படுத்திய எண்களின்படி ஆண்களில் 48 விழுக்காட்டினருக்கு மகனே இல்லை. இருந்தும் ஒட்டுமொத்தச் சராசரி ஏறத்தாழ 1.26 மகன்கள். மக்கள்தொகை தலைமுறைக்குக் கால் பங்கு வளர்கின்ற அத்தகைய செழிப்பான காலத்திலும், ஓர் ஆணிடம் தொடங்கும் வழி என்றேனும் அற்றுப்போவதற்கான நிகழ்தகவு 0.82. நூறு பேர் நூறு புதுப் பெயர்களோடு தொடங்கினால், எந்தக் குறையும் குற்றமும் இல்லாமலேயே 82 பெயர்கள் மறைந்துவிடும். மிஞ்சிய 18 பெயர்கள் மொத்த மக்கள்தொகையையும் பங்குபோட்டுக்கொள்ளும். மரபியலில் இதே நிகழ்வைத் தற்செயல் நகர்வு என்கிறார்கள்.

சைக்ஸ்களின் தொடக்கக் காலம் செழிப்பானதும் அல்ல. குடும்பப் பெயர்கள் உறையத் தொடங்கிய அதே நூற்றாண்டில், 1348–49இல், கொள்ளைநோய் இங்கிலாந்து மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதற்கு முன் ஓடைக்கரையில் வாழ்ந்த பலருக்கு அப்பெயர் தனித்தனியே ஏற்பட்டிருந்தாலும், அவர்களில் பெரும்பாலோரின் ஆண்வழி அற்றுப்போய் ஒருவருடையது மட்டும் தழைத்திருக்க முடியும். ஆவணங்களில் பல தொடக்கங்கள் தெரிவதற்கும் மரபணுவில் ஒரே தொடக்கம் தெரிவதற்கும் முரண்பாடு இல்லாமல் போவது இதனால்தான்.

மரபணு எப்படிச் சாட்சி சொல்கிறது? மனிதரின் குரோமோசோம்களில் ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்கிறது. டி.என்.ஏ.வின் ஏ, டி, ஜி, சி என்ற வேதி எழுத்துகளின் இணைகள் சுமார் 6 கோடி கொண்ட அதன் பெரும்பகுதி, மற்ற குரோமோசோம்களைப் போல இணையோடு துண்டுகளை மாற்றிக்கொள்வதில்லை. ஆகவே இங்கிலாந்தின் குடும்பப் பெயரும் ஒய் குரோமோசோமும் ஒரே பாதையில், தந்தையிடமிருந்து மகனுக்கென்று, அருகருகே பயணம் செய்கின்றன. அந்தக் குரோமோசோமில் சில இடங்களில் ‘ஜி, ஏ, டி, ஏ’ போன்ற நான்கெழுத்துத் துண்டு ஒன்று அடுத்தடுத்துத் திரும்ப வருகிறது. ஒருவருக்கு அது 23 முறையும் வேறொருவருக்கு 24 முறையும் வரலாம். தந்தையிடமிருந்து மகனுக்குப் படியெடுக்கப்படும்போது இந்த எண்ணிக்கை பெரும்பாலும் மாறுவதில்லை. ஓர் இடத்தில் ஏறத்தாழ 500 பிறப்புகளுக்கு ஒருமுறை சடுதிமாற்றத்தால் ஒன்று கூடும் அல்லது குறையும். நான்கு இடங்களை 23 தலைமுறைகளுக்குப் பின்தொடர்ந்தால், ஒரு வழிமரபில் ஏதேனும் மாற்றம் நேர்ந்திருக்கும் வாய்ப்பு ஆறில் ஒன்று அளவில்தான் இருக்கிறது. 700 ஆண்டு வரலாற்றை அளக்க இது பொருத்தமான வேகம்.

ஆக்ஸ்ஃபோர்டு மரபியலர் பிரையன் சைக்ஸும் அவருடைய சக ஆய்வாளரான கேத்தரின் இர்வனும் இதையே செய்தார்கள். மருந்து நிறுவனத் தலைவரான சர் ரிச்சர்ட் சைக்ஸ் தமக்கு உறவினரா என்று எழுந்த கேள்வியே பிரையன் சைக்ஸுக்குத் தூண்டுதலாக அமைந்தது. யார்க்‌ஷயர், லங்காஷயர், செஷயர் ஆகிய மாவட்டங்களைச் சேர்ந்த சைக்ஸ் பெயர் கொண்ட ஆண்களுக்குக் கடிதம் எழுதி, 48 பேரின் மாதிரிகளைப் பெற்று, ஒய் குரோமோசோமில் நான்கு இடங்களைப் பார்த்தார்கள். 43.8 விழுக்காட்டினருக்கு, அதாவது 21 பேருக்கு, நான்கு இடங்களிலும் ஒரே எண்கள் இருந்தன. அதே வட்டாரத்தில் வேறு பெயர்களோடு வாழ்ந்த ஆண்களிடம் அந்தச் சேர்க்கை தென்படவே இல்லை. எஞ்சியவர்களின் எண்கள் பொதுமக்களின் எண்களைப் போலவே சிதறிக் கிடந்தன. முன்பின் அறியாத இருவர், பெயர் ஒன்றாக இருப்பதாலேயே மூதாதையரும் ஒருவராக இருக்கும் வாய்ப்பு இவ்வளவு என்று அதுவரை எவரும் எண்ணிக் காட்டியதில்லை.

லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் துரி கிங், மார்க் ஜாப்ளிங் இருவரும் 2009இல் இதை விரிவாக்கினார்கள். 40 குடும்பப் பெயர்கள், 1,678 ஆண்கள். கொல்லரைக் குறிக்கும் ஸ்மித் என்ற பெயருடையோரிடம் பொதுவான ஒய் குரோமோசோம் எதுவும் இல்லை; ஊருக்கு ஒரு கொல்லர் இருந்த நாட்டில் வேறு முடிவை எதிர்பார்க்கவும் முடியாது. அட்டன்பரோ என்ற அரிய பெயரிலோ 87 விழுக்காட்டினர் ஒரே வகையினர். பெயர் எவ்வளவு அரிதோ அவ்வளவு உறவு நெருக்கம் என்பது பொதுவிதியாகத் தெரிந்தது. அந்த வகையில் சைக்ஸ் விதிவிலக்கான பெயர், ஏனெனில் அது அரிய பெயர் அல்ல.

பாதிக்கும் மேற்பட்ட சைக்ஸ்களிடம் ஏன் அந்த அடையாளம் இல்லை? தத்து, மறுமணத்தில் பிள்ளைகள் மாற்றாந்தந்தையின் பெயரை ஏற்பது, திருமணத்துக்கு வெளியே பிறந்தவர் தாயின் பெயரைக் கொள்வது, சொத்துக்காக மருமகன் பெயர் மாற்றிக்கொள்வது என்று பெயரும் குரோமோசோமும் பிரியும் வழிகள் பல. இவற்றின் கூட்டு அளவைத் தலைமுறைக்கு 1 முதல் 4.5 விழுக்காடு என்று லெஸ்டர் ஆய்வாளர்கள் கணித்தார்கள். தலைமுறைக்கு 3 விழுக்காடு மட்டுமே பிரிந்தாலும் 23 தலைமுறைகளின் முடிவில் பாதிப் பேரிடம் மூல ஒய் குரோமோசோம் இருக்காது. ஆகையால் சைக்ஸ் குடும்பங்களின் ஒழுக்கத்தைப் பற்றி இதிலிருந்து பேசுவது கணக்கறியாத பேச்சு. அரச குடும்பங்களிலும் இதுவே நடந்தது. லெஸ்டரில் 2012இல் தோண்டியெடுக்கப்பட்ட மூன்றாம் ரிச்சர்டு மன்னனின் எலும்பிலிருந்த ஒய் குரோமோசோம், ஆவணப்படி அவனுடைய ஆண்வழி உறவினர்களான இன்றைய ஐந்து பேரில் ஒருவருடையதோடும் பொருந்தவில்லை. அந்த ஐவரிலும் ஒருவர் மற்ற நால்வரோடு பொருந்தவில்லை.

இத்துறையில் என்னை மிகவும் கவர்ந்த முடிவு 2007இல் வந்தது. யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஓர் அரிய பெயருடைய 18 ஆண்களில் 7 பேரிடம், மேற்கு ஆப்பிரிக்காவில் அரிதாகக் காணப்படும் ஒய் குரோமோசோம் வகை இருந்தது. தோற்றத்திலோ குடும்ப நினைவிலோ ஆப்பிரிக்கத் தொடர்பின் சுவடே அவர்களிடம் இல்லை. அவர்களின் குடும்ப மரங்கள் 1780களின் யார்க்‌ஷயர் வரை சென்று நின்றன.

இனி பரவலைப் பார்ப்போம். கோல்ன் பள்ளத்தாக்கின் மண் உழவுக்கு ஏற்றதல்ல. ஆனால் அங்குள்ளவர்கள் சிறு நிலத்தோடு வீட்டில் கம்பளி நெசவையும் செய்தார்கள். வேறிடங்களில் நிலம் போதாமல் இளைய மகன்கள் ஊரைவிட்டுப் போக, இங்கே தறி ஒன்றைப் போட்டுக்கொண்டு அவர்களும் தங்கிவிட முடிந்தது. பெயர் வெளியே சிதறாமல் உள்ளேயே பெருகியதற்கு இதுவே முக்கியக் காரணம். பிறகு ஆலைகள் வந்தபோது, வேலை அவர்களைத் தேடி அதே பள்ளத்தாக்குக்கு வந்தது. 1801இல் சுமார் 7,000 பேர் இருந்த ஹடர்ஸ்ஃபீல்டு அந்த நூற்றாண்டில் பெருநகரமானது. ரயிலும் கப்பலும் பிற்காலத்தில் சைக்ஸ்களை லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கொண்டு சென்றாலும், பெயரின் அடர்த்தி இன்றளவும் பிறந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

எல்லாக் குடும்பப் பெயர்களையும் இப்படிப் படித்துவிட முடியாது. 1530களில் தூத்துக்குடி முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கிறித்தவம் தழுவியபோது பர்னாந்து, ரொட்ரிகோ போன்ற போர்த்துக்கீசியப் பெயர்கள் அவர்களுக்குச் சூட்டப்பட்டன. ஒரே பெயர் ஒரே காலத்தில் உறவில்லாத பலருக்குக் கிடைத்தால், அப்பெயரால் பொது மூதாதையரைத் தேட இயலாது. அது ஒரு சமூக நிகழ்வின் தடயம் மட்டுமே. தந்தையின் பெயரை முன்னெழுத்தாகக் கொண்டு ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகத் தொடங்கும் நம் வழக்கத்தில் கால்டனின் கணக்குக்கே இடமில்லை. மறுமுனையில், குடும்பப் பெயர்கள் 2,000 ஆண்டுகளுக்கும் மேல் நீடித்த சீனாவில் தற்செயல் நகர்வு மிக நீண்ட காலம் வேலை செய்திருக்கிறது. அங்கே 100 பெயர்களுக்குள் மக்களில் 85 விழுக்காட்டினர் அடங்கிவிடுகிறார்கள்.

பெயரும் ஒய் குரோமோசோமும் சேர்ந்து காட்டுவது ஒருவரின் மூதாதையரில் ஒரே ஒரு வரிசையை மட்டுமே. தலைமுறைக்கு இரண்டு மடங்காக எண்ணினால், 23 தலைமுறைகளுக்கு முன் ஒருவருக்குரிய மூதாதையர் இடங்கள் சுமார் 84 லட்சம். 1300இல் இங்கிலாந்தின் மக்கள்தொகையே 40 முதல் 60 லட்சத்துக்குள்தான் இருந்தது. அப்படியானால் ஒரே மூதாதையர் பல இடங்களை நிரப்பியாக வேண்டும். ஓடைக்கரையில் வாழ்ந்த அந்த முதல் சைக்ஸின் மகள்கள், பேத்திகள் வழிவந்தவர்கள் வேறு நூறு பெயர்களோடு இன்று அதே பள்ளத்தாக்கில் இருக்கிறார்கள். பழைய ஹடர்ஸ்ஃபீல்டுக் குடும்பங்களில் அவருடைய வழிவராதவர் இருப்பதே அரிது. அவருடைய பெயரையும் ஒய் குரோமோசோமையும் தவறாமல் பெற்றுவந்திருக்கும் ஒருவரிடமோ, அந்த ஆண்வழி வரிசையின் வழியே வந்து சேர்ந்த அவருடைய மற்ற டி.என்.ஏ. அநேகமாக எதுவும் மிஞ்சியிராது.