ஹார்மோன்: சொல்லு எங்கேர்ந்து வந்துச்சு, தமிழ்ல என்ன?

"எனக்கு தைராய்டு இருக்கு"ன்னு யாராச்சும் சொன்னா உள்ளுக்குள்ள சிரிப்பு வரும், எல்லாருக்கும்தாங்க இருக்கு, கழுத்துல குரல்வளைக்குக் கீழ பட்டாம்பூச்சி மாதிரி ஒட்டிக்கிட்டு. சுரப்பி பேரு வியாதி பேரா ஆயிடுச்சு. சுரப்பிங்க ரத்தத்துல விட்டு, உடம்புல வேற இடத்துக்குச் சேதி சொல்ற சரக்குதான் ஹார்மோன், அதுக்கும் அதே கதிதான், மூஞ்சில பரு வந்தாலும் ஹார்மோன், காரணமில்லாம கோவம் வந்தாலும் ஹார்மோன்.

இந்தச் சொல்லு ஒண்ணும் ரொம்பப் பழசு இல்ல. 1905ல லண்டன்ல எர்னஸ்ட் ஸ்டார்லிங் ஒரு லெக்சர்ல முதல்ல சொன்னது. கிரேக்கத்துல கிளப்பிவிடுறது, உசுப்பிவிடுறதுன்னு அர்த்தம் வர்ற வினையிலேர்ந்து எடுத்தாங்க. அதுக்கு 3 வருஷம் முன்னாடி, 1902ல, ஸ்டார்லிங்கும் அவரோட கூடப்பிறந்தவங்களைக் கட்டிக்கிட்ட வில்லியம் பேலிஸும் (அதாவது மச்சான்) ஒரு நாயோட சிறுகுடல் துண்டுக்குப் போற நரம்பையெல்லாம் அறுத்துட்டு அதுக்குள்ள ஆசிட் விட்டாங்க, நரம்பே இல்லன்னாலும் கணையம் பாட்டுக்குச் சுரந்துச்சு. உடனே குடலோட உள்தோலைச் சுரண்டி, ஆசிட்ல மணல் போட்டு அரைச்சு, வடிகட்டி ரத்தத்துல ஏத்துனாங்க, மறுபடியும் சுரந்துச்சு! சேதி ரத்தம் வழியாவும் போகுதுன்னு அப்பதான் நிரூபணம் ஆச்சு. அந்தச் சரக்குக்கு செக்ரிட்டின்னு பேரு.

சரி, தமிழுக்கு வருவோம். வளரூக்கின்னு சிலர் எழுதுறாங்க, எனக்கு ஒட்டல, எல்லா ஹார்மோனும் வளர்ச்சிக்கா இருக்கு? இன்சுலின் சர்க்கரையைப் பாத்துக்குது, அட்ரினலின் படில கால் வழுக்குற நேரம் நெஞ்சைப் படபடக்க வைக்குது. (கைப்பிடியைக் கை பிடிச்சது நரம்பு வேலை, நொடில முடிஞ்சிடும், ஆனா நின்னதுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம் நெஞ்சு அடிச்சிக்குதே, அதுல ரத்தத்துல மிச்சம் ஓடுற அட்ரினலினுக்கும் பங்கு இருக்கு.) நொதின்னு சொல்றது சுத்தத் தப்பு, அது என்சைம்.

என் ஓட்டு இயக்குநீருக்குத்தான். "அது நீரே இல்லையே, வேதிப்பொருள்தானே"ன்னு கேப்பாங்க. தமிழ்ல உடம்புல சுரக்குறதையெல்லாம் நீர்னுதான சொல்றோம், கண்ணீர், உமிழ்நீர், பித்தநீர், அந்த வரிசைல இதுவும் உக்காந்துக்கும். ஒரே குறை, சில ஹார்மோன் வேலையைக் கிளப்பாது, அடக்கும். ஆனா அந்தக் குறை கிரேக்கச் சொல்லுக்கும் இருக்கு.

சுரப்பி நம்ம சொந்தச் சொல்லு, பால் சுரக்குது, ஊத்து சுரக்குதுங்கறோம்ல அதே சுர. வேர்வைச் சுரப்பிக்கு வெளிய விட ஒரு குழாய் உண்டு, அதான் நாளம். அது இல்லாம நேரா ரத்தத்துல விடுறது நாளமில்லாச் சுரப்பி. கணையம் ரெண்டு வேலையும் பாக்கும்.

பிட்யூட்டரி கதைதான் தமாஷ். மூளைக்கு அடில பட்டாணி சைஸ்ல இருக்கு, மூளைலேர்ந்து சளி இது வழியா மூக்குக்கு இறங்குதுன்னு அந்தக்கால வைத்தியருங்க நம்பி, லத்தீன்ல சளிங்கற சொல்லையே பேரா வச்சிட்டாங்க. நாமளும் அப்படியே கபச் சுரப்பின்னு மொழிபெயர்த்து அந்தத் தப்பையும் சேத்து வாங்கிக்கிட்டோம், மூளையடிச் சுரப்பின்னா பிரச்சினையே இல்ல.

அது விடுற ஒரு ஹார்மோன்தான் டிஎஸ்எச், தைராய்டை உசுப்பிவிடுறது, கிரேக்க அர்த்தம் அச்சு அசலா. ரிப்போர்ட்ல டிஎஸ்எச் கூடன்னு பாத்துட்டு தைராய்டு ஜாஸ்தியா வேலை செய்யுதுன்னு பயந்துக்குவாங்க, பெரும்பாலும் நேர் தலைகீழ்: தைராய்டு தூங்குது, பிட்யூட்டரி எழுப்பி எழுப்பிக் கத்துது, நம்ம பேப்பர்ல வர்றது அந்தச் சத்தம்.