உஷஹிடி: ஒரு சுவாஹிலிச் சொல்லும் அதன் தமிழும்

முதல்முறை கேட்கும்போது ஏதோ ஜப்பானியக் கார் பெயர் போல இருக்கும். ஆனால் கென்யாவிலும் தான்சானியாவிலும் கோர்ட் வாசல் மிதித்த எவருக்கும் தெரிந்த சொல் இது. சாட்சியம் என்று பொருள். கென்யாவில் பிறந்த ஒரு இணையதளத்துக்கும் இதுதான் பெயர்.

சொல்லின் வேர் அரபு. 'ஷஹித' என்றால் கண்டான், சாட்சி சொன்னான். தமிழ் முஸ்லிம்கள் ஓதும் ஷஹாதா கலிமாவிலும் ஷஹீத் என்ற சொல்லிலும் இருப்பது இதே வேர்தான். அரபு வணிகர்களோடு கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போய், அங்கே சாட்சி சொல்பவர் 'ஷஹிடி' ஆனார். தமிழில் 'மை' விகுதி சொல்லுக்குப் பின்னால் ஒட்டிப் பண்புப்பெயர் ஆக்குவதுபோல, சுவாஹிலியில் 'உ' முன்னால் வந்து ஒட்டும். ஷஹிடி சொல்வது உஷஹிடி. விடுதலையைக் குறிக்கும் உஹுரு, தான்சானியாவின் முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரே தம் சமதர்மக் கொள்கைக்கு வைத்த உஜமா எல்லாம் இதே அச்சில் வார்த்தவை.

சரி, கோர்ட்டுச் சொல் இணையத்துக்கு எப்படி வந்தது?

கென்யாவில் 2007 டிசம்பர் 27 அன்று அதிபர் தேர்தல். 30ஆம் தேதி ம்வாய் கிபாக்கி வென்றதாக அறிவித்து, அன்று மாலையே பதவிப் பிரமாணமும் செய்துவைத்தார்கள். எதிரணியினர் முடிவை ஏற்கவில்லை, கலவரம் வெடித்தது. அரசு நேரலை ஒளிபரப்புக்குத் தடை போட்டது. எந்த ஊரில் என்ன நடக்கிறது என்று தொலைக்காட்சியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஆனால் ஊர் ஊராகக் கண்ணால் பார்த்தவர்கள் இருந்தார்கள், அவர்கள் கையில் செல்போன் இருந்தது.

வழக்கறிஞரான ஓரி ஒகொல்லோ தம் வலைப்பதிவில் ஒரு யோசனை கேட்டார்: வன்முறை நடக்கும் இடங்களைக் கூகுள் வரைபடத்தில் யாராவது குறிக்க முடியுமா? எரிக் ஹெர்ஸ்மன், ஜூலியானா ரோட்டிச், டேவிட் கோபியா முதலியோர் சேர்ந்துகொள்ள, சில நாட்களில் உஷஹிடி தளம் தயார். எஸ்எம்எஸ், மின்னஞ்சல், இணையம் எதில் அனுப்பினாலும் செய்தி வரைபடத்தில் ஒரு புள்ளியாக ஏறும். எஸ்எம்எஸ்ஸைச் சேர்த்ததில்தான் சூட்சுமம். கென்யாவுக்குக் கடலடிக் கேபிள் 2009இல்தான் வந்தது. அதுவரை வெளியுலக இணைப்பு செயற்கைக்கோளை நம்பியிருந்தது, விலையும் அதிகம். ஆப்பிரிக்க அரசியலில் இணையத்தின் பங்கைப் பேசுகிறவர்கள் பேஸ்புக்கையும் ட்விட்டரையும் முன்னால் நிறுத்துகிறார்கள். எனக்கென்னவோ அந்த 160 எழுத்துக் குறுஞ்செய்திக்குத்தான் முதல் நாற்காலி போடவேண்டும் என்று தோன்றுகிறது. இனவெறுப்பைப் பரப்பிய செய்திகளும் அதே எஸ்எம்எஸ்ஸில்தான் பறந்தன என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. அந்தக் கலவரத்தில் 1,133 பேர் இறந்ததாகப் பின்னர் அதை விசாரித்த வாக்கி ஆணையம் கணக்கிட்டது.

அப்புறம், தமிழில் இதற்கு என்ன சொல்?

'சான்று' என்று சட்டென்று வாயில் வரும். நல்ல சொல்தான், ஆனால் இன்று அது தாலுகா அலுவலகத்துக்குக் குடிபோய்விட்டது: பிறப்புச் சான்று, வருமானச் சான்று. வேடிக்கை என்னவென்றால் சுவாஹிலியிலும் இப்படி ஒரு பிரிவினை உண்டு. அதே அரபு வேரிலிருந்து வந்த 'ஷஹாடா' அங்கே கல்லூரிப் பட்டத்தைக் குறிக்கிறது. காகிதத்துக்கு ஒரு சொல், கண்டதைச் சொல்வதற்கு வேறு சொல்.

பழந்தமிழில் சாட்சிக்குக் 'கரி' என்று பெயர். "இந்திரனே சாலுங் கரி" என்று குறளில் வருவது இந்தக் கரிதான். குறுந்தொகை இன்னும் ஒரு படி மேலே போகிறது: "அறிகரி பொய்த்தல் ஆன்றோர்க்கு இல்லை". தாம் அறிந்ததற்குச் சாட்சி சொல்லும்போது பெரியோர் பொய் சொல்லமாட்டார்கள் என்பது கருத்து. அறிகரி! உஷஹிடிக்கு இதைவிடக் கச்சிதமான சொல் எனக்குத் தெரியவில்லை. அந்தத் தளத்துக்குத் தலைவலியாக இருந்ததும் இந்தப் 'பொய்த்தல்'தான். வந்த செய்தி மெய்தானா என்று பார்க்கத் தனியாக ஆட்கள் உட்காரவேண்டியிருந்தது. ஆனால் இன்று கரி என்றால் அடுப்புக்கரிதான் நினைவுக்கு வரும். கட்டுரையில் 'அறிகரி' என்று போட்டால் பக்கத்திலேயே ஒரு விளக்கமும் போடவேண்டும்.

ஆகவே பொருள் சொல்லவேண்டிய இடத்தில் 'சாட்சியம்' என்பதே என் தேர்வு. சாட்சி வடசொல், கண்ணைக் குறிக்கும் 'அக்ஷ' அதற்குள் இருக்கிறது. வடசொல் வேண்டாம் என்பவர்கள் 'கண்டோர் கூற்று' என்று எழுதலாம், குற்றமில்லை.

தளத்தைக் குறிக்கும்போது மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம். 2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கத்தின்போது 4636 என்ற எண்ணுக்கு வந்த குறுஞ்செய்திகளை ஹைட்டி மக்களின் கிரியோல் மொழியிலிருந்து பெயர்த்து இதே மென்பொருளில் வரைபடமாக்கினார்கள்; அங்கேயும் பெயர் உஷஹிடிதான். சுவாஹிலியில் அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும் என்பதால், சொல்லும்போது 'ஹி'யைக் கொஞ்சம் இழுத்துச் சொல்லவேண்டும். 'ஷா' என்று நெடிலாக எழுதினால் அழுத்தம் இடம் மாறிவிடும்.