நெஞ்சைப் பிடிக்காத மாரடைப்பு

கணுக்கால் சுளுக்கியதில் ஒரு வாரம் வேலைக்குப் போக முடியாமல் வில்லிவாக்கத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். அதில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை 11 மணியிலிருந்து இரவு வரை அம்மா பார்க்கிற எல்லாத் தொடர்களையும் அவரோடு உட்கார்ந்து பார்த்தேன். மத்தியானம் கண்ணயர்ந்த நேரம் போக ஒன்பது எபிசோடுகள். 14 வருடங்களாக எமர்ஜென்சி பிரிவில் வேலை பார்க்கிற மருத்துவன் நான். அன்று தோன்றியதை எழுதிவைக்க வேண்டும் என்று பட்டது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சீரியல் பார்ப்பவர்களைக் கேலி செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. அப்பா போன பிறகு அம்மாவின் பகல்களை நிரப்பியவை இந்தத் தொடர்கள்தான். எதிர் வீட்டு அக்காவும் அம்மாவும் மாலையில் கேட்டருகே நின்று, ஒரு மருமகள் பொறுத்துப்போனது சரியா என்று அரை மணி நேரம் பேசுகிறார்கள். காலைத் தொடரில் கடன்காரன் வாசலில் நிற்க, சமையலறையில் அரிசி அளந்துகொண்டே அழுகையை அடக்கிய அந்த நடிகை என்னையும் அசைத்துவிட்டார். வீடு எப்படி இருக்கும் என்பது இந்தத் தொடர்களை எழுதுபவர்களுக்கு நன்றாகத் தெரிகிறது. அதனால்தான் ஆஸ்பத்திரிக் காட்சிகள் வரும்போது எனக்குக் கவலை அதிகமானது. வீட்டை இவ்வளவு சரியாகக் காட்டுபவர்கள் நோயையும் சரியாகத்தான் காட்டுவார்கள் என்று பார்ப்பவர் நம்பிவிடுகிறார்.

ஒரு தொடரில், மகன் சொத்தை எழுதி வாங்கிய செய்தி கேட்டதும் அப்பா இடது நெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். "பாவம், ஹார்ட் அட்டாக்" என்றார் அம்மா. பெரிய அதிர்ச்சியில் மாரடைப்பு வருவது பொய்யில்லை. ஆனால் எனக்குக் கொளத்தூரிலிருந்து வந்த ஒரு அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அவருக்கு அறுபதைத் தாண்டிய வயது, பல வருடச் சர்க்கரை. மத்தியானம் காய் நறுக்கும்போது தாடையில் ஏதோ இழுத்திருக்கிறது. பிறகு வியர்வை, வாந்தி வருவதுபோல் ஒரு பிரட்டல், கை கால் ஓய்ந்துபோகிற அசதி. கேஸ் என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்தார். மகள் சோடா வாங்கி வந்தார். கொஞ்ச நேரம் படுத்துப் பார்த்தார். எங்களிடம் ஆட்டோவில் வந்து இறங்கும்போது இரவு 9 மணி. ஈசிஜி எடுத்த நிமிடமே தெரிந்துவிட்டது. நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. "நெஞ்சு வலிக்கவே இல்லையே டாக்டர், டிவியில எல்லாம் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுவாங்களே" என்றார்.

உயிர் பிழைத்தார். ஆனால் அந்த எட்டு ஒன்பது மணி நேரத்தில் இதயத் தசையில் ஒரு பகுதி போய்விட்டது. இப்போது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயில் ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டால், அதற்கு அப்பால் இருக்கிற தசை ரத்தம் கிடைக்காமல் சாகத் தொடங்கும். அடைப்பை எவ்வளவு சீக்கிரம் திறக்கிறோமோ அவ்வளவு தசை மிஞ்சும். நீண்ட நாள் சர்க்கரை நரம்புகளை மந்தமாக்குவதால் வலி தெரியாமலே போகலாம். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் வலிக்குப் பதில் மூச்சுத்திணறலும் அசதியும் வாந்தியும் மட்டும் வருவதுண்டு. வலி வந்தாலும் நடு நெஞ்சில் பாரம் வைத்ததுபோல, மேல் வயிற்றில் எரிச்சல்போல, தாடையிலோ தோளிலோ முதுகிலோ இழுப்பதுபோல வரலாம்.

மாலைத் தொடர் ஒன்றில் மருமகள் மயங்கி விழுந்தாள். பக்கத்து வீட்டுப் பாட்டி கையைப் பிடித்து நாடி பார்த்துச் சிரித்தார். வீடு முழுக்க இனிப்பு. நாடியைப் பார்த்துக் கர்ப்பத்தை உறுதி செய்ய முடியாது. அதற்குச் சிறுநீர்ப் பரிசோதனை அட்டையோ ரத்தப் பரிசோதனையோ வேண்டும். இது வெறும் தகவல் பிழை என்றால் விட்டுவிடலாம். நாள் தள்ளிப்போன பெண் வயிற்றுவலியோடு மயங்கினால், கரு கர்ப்பப்பைக்குள் இல்லாமல் கருக்குழாயில் தங்கி, குழாய் வெடித்து உள்ளே ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கலாம். "மாசமா இருந்தா மயக்கம் சகஜம்தானே" என்று காத்திருந்து, வெளுத்துப்போன மனைவியைத் தூக்கிக்கொண்டு வந்த கணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதே காட்சியில், நினைவில்லாதவளின் வாயில் தண்ணீர் ஊற்றினார்கள். தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். நினைவு தப்பியவருக்கு விழுங்கத் தெரியாது; ஊற்றுகிற தண்ணீரும் காபியும் நுரையீரலுக்குள் போகும். மூச்சு சீராக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், போதும். வலிப்புக்கும் இதேதான். கையில் சாவிக்கொத்து வேண்டாம், வாயில் கரண்டி வேண்டாம், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்துக்கு மேல் வெட்டு நிற்காவிட்டால் உடனே 108-ஐ அழையுங்கள்.

இரவு 8 மணித் தொடரில் மானிட்டரில் கோடு நேராகிறது, மருத்துவர் மின் அதிர்ச்சி கொடுக்கிறார், உடம்பு துள்ளுகிறது, உயிர் திரும்புகிறது. நேர்கோட்டுக்கு மின் அதிர்ச்சி பயன்படாது. இதயம் தாறுமாறாகத் துடிதுடிக்கும் சில நிலைகளுக்குத்தான் அது. நேர்கோட்டில் எங்கள் கையில் இருப்பது நெஞ்சை அழுத்துவதும் மருந்தும். நெஞ்சை அழுத்துவதை நீங்களும் வீட்டில் செய்யலாம் என்பதைத்தான் எந்த எபிசோடும் அன்று காட்டவில்லை. கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு இல்லை அல்லது விட்டுவிட்டு இழுக்கிறது என்றால், 108-க்குச் சொல்லிவிட்டு, நெஞ்சு நடுவில் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். வண்டி வரும்வரை நிறுத்தக்கூடாது. தொடர் எழுதுகிறவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: ஒரே ஒரு மருமகள் இதைத் தன் மாமனாருக்குச் செய்யட்டும். அரை நிமிடக் காட்சி போதும். அதை எத்தனையோ வீடுகள் மனதில் வைத்துக்கொள்ளும்.

விளம்பர இடைவேளையில் அம்மா என் பக்கம் திரும்பினார். "அப்போ எனக்கு வந்தா எப்படிடா தெரியும்? எனக்கும் சர்க்கரைதானே."

நான் சொன்னேன். "காரணமில்லாம வேர்த்துக் கொட்டினா, என்னைக்கும் இல்லாத அசதி வந்தா, மூச்சு முட்டினா, ஓமத் தண்ணி வைக்காதம்மா. 108-க்குப் போன் பண்ணு, அப்புறம் எனக்கு. கேஸா இருந்தா ஈசிஜி எடுத்துட்டுத் திரும்பி வந்துடலாம்." ஊரில் இருக்கிற சித்திக்கும் சொல்லச் சொன்னேன்; 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

"ஆம்புலன்ஸ்ல ஏறும்போது எதை எடுத்துக்கணும்?" என்று கேட்டார்.

"மாத்திரைச் சீட்டு, பழைய ஈசிஜி. பழசு இருந்தா புதுசுல என்ன மாறியிருக்குன்னு உடனே தெரியும்."

அம்மாவுக்கு அது எங்கே இருக்கிறது என்று ஞாபகம் இல்லை. தொடர் மறுபடி ஆரம்பித்தபோது பீரோவைத் திறந்து அப்பாவின் பென்ஷன் காகிதங்களுக்கு நடுவே தேடிக்கொண்டிருந்தோம்.