ஓலை கருகினால் குருத்தைப் பிரித்துப் பாருங்கள்

போன மாதம் பர்மாவில் மௌலமைன் பக்கம் ஒரு தோப்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பயிருக்குப் பூச்சி விழுந்தால் போய்ப் பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. மூன்று வயசுத் தென்னங்கன்றுகள். நடு ஓலையெல்லாம் நெருப்பில் வாட்டின மாதிரி பழுப்பேறிச் சுருண்டிருந்தன.

"உப்பு பத்தலைன்னாங்க தம்பி, ரெண்டு தடவை போட்டாச்சு" என்றார் தோப்புக்கார ஐயா. போதாததற்குத் தமிழ்நாட்டு யூடியூப் பார்த்து, மட்டை இடுக்கில் வேப்பம் பிண்ணாக்கும் மணலும் வேறு. அது காண்டாமிருக வண்டுக்கான வைத்தியம். அந்த வண்டு கடித்த ஓலை விரியும்போது, கத்தரியால் வெட்டிய விசிறி போல இருக்கும். இங்கே ஒரு வெட்டும் இல்லை.

விரியாத குருத்தோலை ஒன்றை அறுத்து, ஒட்டிக்கிடந்த கீற்றுகளை விரலால் பிரித்தேன். நரம்போடு நரம்பாகப் பழுப்புக் கோடுகள், ஈரமான எச்சம், வெளுத்த தட்டைப் புழுக்கள். வெளிச்சம் பட்டதும் இரண்டு வண்டுகள் அடுத்த மடிப்புக்குள் நழுவின. ஒரு சென்டிமீட்டர் வந்தால் அதிகம். தலைப்பக்கம் செம்மஞ்சள், இறக்கை கறுப்பு. பெயர் பிரான்டிஸ்பா லாங்கிசிமா.

"இத்தனூண்டா?" என்றார் ஐயா.

இந்தோனேசியா, பாப்புவா நியூகினி பக்கத்துப் பூச்சி. 1999 வாக்கில் வியட்நாமிலும் மாலத்தீவிலும் தலைகாட்டியது. பிறகு தாய்லாந்து, பர்மா. மாலத்தீவுக்கு வந்தது அலங்காரப் பனைக் கன்றுகளோடு. முட்டை முதல் வண்டு வரை எல்லாப் பருவமும் குருத்துக்குள்ளேதான். ஓலை விரிந்ததும் அடுத்த குருத்துக்குக் குடிபோய்விடும். கருகிய ஓலையில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? பாக்கு மரத்தையும் விடாது.

கைக்கெட்டும் கன்றானால் தாக்கிய குருத்தோலையை வெட்டி எரித்துவிட்டு, குருத்து நனைய மருந்து ஊற்றலாம். வளர்ந்த மரத்துக்கு மருந்தே வேண்டாம் என்பேன். ஏற ஆள் கிடைப்பதில்லை, மருந்தும் மடிப்புக்குள் இறங்குவதில்லை. நல்ல பூச்சிகள்தான் சாகும். 2003-ல் வியட்நாமுக்குச் சமோவாவிலிருந்து அசெகோடஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அது, புழுவுக்குள் முட்டையிடும். குஞ்சுகள் உள்ளிருந்தே தின்னத் தின்ன, புழு பழுப்பேறி விறைத்துப்போகும். அப்படிப்பட்ட புழு கண்ணில் பட்டால் மருந்து டப்பாவை மூடிவையுங்கள்.

கிளம்பும்போது பார்த்தேன், கொட்டகை ஓரம் இருபது கன்றுகள் சாக்கில் கட்டியிருந்தன. தன்பியூசயாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்காம். கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாகக் குருத்தைப் பிரித்துப் பார்த்தோம். பதினொன்றில் வண்டு இருந்தது.