உயரம் வந்துவிட்டது, முதுகு வரவில்லை

போன வாரம் மறுபடியும் ஒரு குதிரை. 3 வயது, வார்ம்பிளட் (தடை தாண்டலுக்கு வளர்க்கும் பெரிய இனவகை) கலப்பு, உயரம் 16 கைக்கு மேல் (ஒரு கை என்பது 4 அங்குலம்). பள்ளி விடுமுறைக்குள் மகள் அதில் தடை தாண்டப் பழகிவிட வேண்டும் என்று அப்பாவுக்கு அவசரம். இப்போது சேணத்தைக் கையில் எடுத்தாலே குதிரை காதைப் பின்னால் மடக்குகிறது. முதுகில் விரல் வைத்து லேசாக அழுத்தினால் சட்டென்று உடம்பைக் குழித்துக்கொண்டு விலகுகிறது. "திமிர் டாக்டர், கொஞ்சம் அடக்கிக் கொடுங்க" என்கிறார். திமிர் இல்லை ஐயா, வலி.

கோலாலம்பூரைச் சுற்றியுள்ள லாயங்களில் எல்லாரும் போடுவது ஒரே கணக்குதான்: உயரம் வந்துவிட்டதா, ஏறலாம். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் முன்னங்கால் முட்டியில் வளர்தட்டு (எலும்பு நீளும் குருத்தெலும்புப் பகுதி, வளர்ச்சி முடிந்ததும் எலும்பாகி மூடிவிடும்) மூடிவிட்டதா என்று எக்ஸ்ரே எடுத்து, "மூடிடுச்சு டாக்டர், பாருங்க" என்று போனை நீட்டுவார்கள். மூடியிருக்கிறது, சரி. முட்டியின் மேலா உட்காரப் போகிறீர்கள்?

குதிரையின் எலும்புகள் பொதுவாகக் கீழிருந்து மேலாக முதிர்கின்றன. குளம்பை ஒட்டிய எலும்புகளின் வளர்தட்டுகள் முதல் வயதை ஒட்டி மூடிவிடும். முட்டிக்கு மேலே உள்ளது 2, இரண்டரை வயதில். தொடைப் பகுதி 3 வயதைத் தாண்டும். முதுகெலும்பு எல்லாவற்றுக்கும் கடைசி. ஐந்தரை வயது வரை போகும், பெரிய உடம்புள்ள ஆண் குதிரைக்கு இன்னும் தள்ளிப்போகும். ஆக, சேணம் போடுகிற இடம்தான் கடைசியாகத் தயாராகிறது. தூண் காய்ந்துவிட்டது என்பதற்காக ஈரம் காயாத தளத்தின் மேல் லாரியை ஏற்றுவீர்களா? முட்டி எக்ஸ்ரே முட்டியைப் பற்றி மட்டும்தான் பேசும். உயரமோ எதைப் பற்றியும் பேசாது. பெரும்பாலும் அது கால் நீளம். 2 வயதிலேயே முக்கால்வாசிக்கு மேல் வந்துவிடும்.

"இது சீக்கிரம் முதிரும் இனம்" என்று விற்பவர் சொன்னால் தலையாட்டாதீர்கள். சில இனங்களுக்குச் சதை சீக்கிரம் போடும். எலும்பின் கணக்கு அப்படியெல்லாம் மாறுவதில்லை.

அப்புறம், "பந்தயக் குதிரை 2 வயசிலேயே ஓடுதே?" ஓடுகிறது. அதன் மேல் இருப்பவர் எடை ஐம்பது கிலோ சொச்சம், ஓட்டத்தில் சேணத்தில் உட்காருவதே இல்லை, ஓரிரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஒரு மணி நேரப் பாடம் வேறு. சின்ன வயதில் ஓடியாடுவது எலும்புக்கு நல்லது, அதை நான் மறுக்கவில்லை. சுமப்பதைத்தான் சொல்கிறேன். இன்னொன்று: ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து வரும் தரோபிரெட்களுக்கு (பந்தயக் குதிரை இனம்) எல்லாம் ஏட்டுக் கணக்கில் ஆகஸ்ட் 1-தான் பிறந்தநாள். நவம்பரில் பிறந்த குட்டி ஒன்பதே மாதத்தில் 'ஒரு வயது' ஆகிவிடும். அசல் பிறந்த தேதியைக் கேட்டு வாங்குங்கள்.

3 வயது வரை தரையிலேயே பழக்குங்கள்: கயிறு பிடித்துக் கூட்டிப்போவது, அசையாமல் நிற்க வைப்பது, பின்னால் நடந்தபடி நீள வாரைப் பிடித்து ஓட்டுவது, கடைசியாகக் காலிச் சேணம். லாயத்தில் குதிரை பார்க்கும் சைஸ் அண்ணன்மாரே, சிறு வட்டத்தில் அரை மணி நேரம் சுற்றவிட்டு அடக்கும் வேலையை விட்டுவிடுங்கள், மூட்டுதான் போகும். 4 வயதை ஒட்டி, எடை குறைந்த, நன்றாக ஏறத் தெரிந்த ஒருவர், நேர்ப்பாதையில் பத்துப் பதினைந்து நிமிடம், வெறும் நடை. பின்பக்கம் தோளைவிட உயர்ந்து நின்றால் இன்னும் வளர்கிறது, இறங்கிவிடுங்கள். தாண்டல் 5 வயதுக்கு மேல். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் 20 விழுக்காடு வரை போகலாம் என்பது வளர்ந்து தேறிய குதிரைக்குச் சொன்னது, குட்டிக்கு அல்ல. வாயில் இரும்பு போடும் முன் பல்லைக் காட்டுங்கள். இரண்டரையிலிருந்து நாலரை வயது வரை பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும்.

அவ்வளவு நாள் பொறுக்க முடியாதா? தப்பில்லை. பிள்ளைக்குப் பத்து வயது தாண்டிய நிதானமான குதிரை ஒன்றைப் பாருங்கள். குட்டி அதுபாட்டுக்கு மேயட்டும்.