டெர்மினலுக்கு நிறம் தெரியுமா?

டெர்மினல் எனப்படும் எழுத்துச் சாளரத்தில், கட்டளை வரியில் ஓடும் நிரல் ஒரு பிழைச் செய்தியைச் சிவப்பில் காட்டுகிறது என்றால், செய்திக்கு முன்னால் ஐந்து பைட்டுகளைக் கூடுதலாக அனுப்புகிறது, அவ்வளவுதான். எஸ்கேப் எனப்படும் 27-ஆம் எண் எழுத்து, திறக்கும் சதுர அடைப்பு, 3, 1, கடைசியில் சின்ன எம். டெர்மினல் அதைக் கண்டதும் அடுத்து வரும் எழுத்துகளைச் சிவப்பாக்கும். அந்தக் குறியீடு தெரியாத இடத்துக்குப் போனால் ஐந்து பைட்டும் குப்பையாகத் தங்கிவிடும். நிரலின் செய்திகளைப் பதிந்துவைக்கும் லாக் கோப்பைத் திறந்தால் வரிக்கு வரி அடைப்புக்குறியும் 31-ம், நிறத்தை நிறுத்தும் 0-ம் இறைந்து கிடப்பது இதனால்தான். கண்ணுக்கு அசிங்கம் என்பதோடு போனால் பரவாயில்லை. ‘எரர்’ என்று தொடங்கும் வரிகளைத் தேடி எடுக்கும் ஸ்கிரிப்ட், வரியின் தலையில் எஸ்கேப் உட்கார்ந்திருப்பதால் ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொல்லிவிடும். பிழை இருந்தும் எல்லாம் சரி என்று நம்பிக்கொண்டிருப்போம்.

நிறக் குறியீட்டை வாங்கிக்கொண்ட டெர்மினல் புரிந்தது என்றோ புரியவில்லை என்றோ பதில் அனுப்புவதில்லை. ஆகவே நிறம் அனுப்பலாமா என்பதை நிரல்தான் முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். ஊகம்தான், உறுதி கிடையாது.

முதல் கேள்வி, எதிரே டெர்மினல் இருக்கிறதா என்பதே. யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் இதற்கு ‘இஸ்ஏடிடிஒய்’ என்ற சி நிரல்கூறு இருக்கிறது. லினக்ஸில் அது இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் போய், இந்த எண்ணுள்ள வெளியீட்டின் டெர்மினல் அமைப்புகளைக் கொடு என்று கேட்கும். டெர்மினல் என்றால் விவரம் வரும். கோப்போ, வெளியீட்டை இன்னொரு நிரலுக்கு அனுப்பும் பைப்போ என்றால் பிழை எண் திரும்பும். கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லுக்கான ஸ்கிரிப்டில் சதுர அடைப்புக்குள் ‘-டி 1’ என்று எழுதினால் இதே சோதனைதான். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ், சொல்லைத் தேடும் க்ரெப் இரண்டிலும் நிறத்தை ‘ஆட்டோ’வில் வைத்தால், டெர்மினலில் வண்ணமும் பைப்பில் வெறும் எழுத்தும் வருவது இதன் பலன்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. சாதாரண வெளியீடு 1-ஆம் எண்ணில் போகிறது, பிழைச் செய்தி 2-ஆம் எண்ணில் போகிறது. சோதனையை 1-இல் செய்துவிட்டு வண்ணத்தை 2-இல் பூசுகிறார்கள். பயனர் பிழைகளை மட்டும் ஒரு கோப்புக்குத் திருப்பினால் 1 இன்னும் டெர்மினலாகவே இருக்கும், குப்பை முழுக்கக் கோப்பில் விழும். எந்த எண்ணில் எழுதுகிறீர்களோ அதையே சோதிக்க வேண்டும்.

டெர்மினல் இருப்பது உறுதியானாலும் அதற்கு நிறம் தெரியும் என்று ஆகிவிடாது. 1978-இல் வந்த வீடி100 டெர்மினலுக்கு நிறமே கிடையாது. டெர்மினல் எந்த வகை என்பதை ‘டெர்ம்’ என்ற சூழல் மாறி (நிரல்கள் படித்துக்கொள்ளும் பெயரிட்ட மதிப்பு) சொல்லும். அதில் இருப்பது ஒரு பெயர் மட்டுமே. அந்தப் பெயருக்கு உரிய திறன்கள் டெர்ம்இன்ஃபோ என்ற தரவுத்தளத்தில் தனித்தனிக் கோப்புகளாக இருக்கின்றன. ‘டிபுட் கலர்ஸ்’ என்று தட்டினால் அதில் பார்த்து எண்ணிக்கையைச் சொல்லும். எக்ஸ்டெர்ம் என்றால் 8, எக்ஸ்டெர்ம்-256கலர் என்றால் 256, வீடி100 என்றாலும் மிக எளிய டெர்மினலைக் குறிக்கும் டம்ப் என்றாலும் -1, அதாவது நிறம் இல்லை.

டெர்ம் மாறியே இல்லாத இடத்தில், உதாரணமாகக் குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக இயக்கும் க்ரான் ஓட்டும் வேலையில், டிபுட் எண் எதுவும் தராமல் பிழையோடு முடியும். அந்த வெற்று விடையை 8-உடன் ஒப்பிடும் ஷெல் வரி ‘முழு எண் தேவை’ என்று அலறும். டிபுட் தோற்றால் 0 என்று வைத்துக்கொள்ளும்படி எழுதிவிட்டால் தொல்லை இல்லை.

பல இடங்களில் தரவுத்தளத்தைத் தொடுவதே இல்லை, பெயரை மட்டும் பார்க்கிறார்கள். உபுண்டு லினக்ஸில் புதுப் பயனருக்குக் கிடைக்கும், பாஷ் என்ற ஷெல்லின் அமைப்புக் கோப்பைத் திறந்து பாருங்கள். டெர்ம் மாறியின் மதிப்பு ‘-256கலர்’ என்று முடிந்தாலோ எக்ஸ்டெர்ம்-கலர் என்று இருந்தாலோதான் ப்ராம்ப்டுக்கு, அதாவது கட்டளைக்குக் காத்திருக்கும் வரியின் தொடக்கத்துக்கு, வண்ணம். வெறும் எக்ஸ்டெர்ம் என்று மாற்றிப் புது ஷெல் திறந்தால் ப்ராம்ப்ட் வெளிறிவிடும், திரை அதே திரைதான் என்றாலும். புதிய டெர்மினல்கள் பல தங்களை எக்ஸ்டெர்ம்-256கலர் என்று அறிவித்துக்கொள்வதற்கு இத்தகைய சோதனைகளும் ஒரு காரணம்.

முழு நிறம் எனப்படும் 1,67,77,216 நிறங்களுக்கு வரும்போது கதை இன்னும் சிக்கல். டெர்ம்இன்ஃபோவின் பழைய கோப்பு வடிவத்தில் ஓர் எண்ணுக்கு 16 பிட்தான், 32,767-க்கு மேல் எழுத முடியாது. 2018-இல் வந்த டெர்ம்இன்ஃபோவைக் கையாளும் என்கர்சஸ் நூலகத்தின் 6.1 பதிப்புதான் 32 பிட் எண்களை அனுமதித்தது. அதற்குள் டெர்மினல்கள் ‘கலர்டெர்ம்’ என்ற இன்னொரு சூழல் மாறியில் ‘ட்ரூகலர்’ என்று எழுதிவைக்கும் பழக்கம் பரவிவிட்டது. எளிய வழி, ஆனால் ஓட்டை உண்டு. தொலைவிலிருந்து இணைக்கும் எஸ்எஸ்ஹெச் வழியாக வேறு கணினிக்குள் போகும்போது டெர்ம் கூடவே போகும், ஏனென்றால் டெர்மினல் கேட்கும் கோரிக்கையிலேயே அதற்கு இடம் இருக்கிறது. கலர்டெர்முக்கு அந்த இடம் இல்லை, அமைப்பில் சேர்த்திருந்தால்தான் போகும். இங்கே பளிச்சென்று இருந்த எடிட்டர் அங்கே 256 நிறத்துக்கு இறங்கிவிடும். எஸ்எஸ்ஹெச் அமைப்பில் நம் பக்கம் ‘சென்ட்என்வ்’, சர்வர் பக்கம் ‘அக்செப்ட்என்வ்’ இரண்டிலும் அந்தப் பெயரைச் சேர்த்தால் சரியாகும்.

எதிர்மாறான கோளாறும் உண்டு. கிட்டி டெர்மினல் தன்னை எக்ஸ்டெர்ம்-கிட்டி என்று சொல்லிக்கொள்ளும். பெயர் போய்ச் சேர்ந்தாலும் பழைய சர்வரில் அதற்கு டெர்ம்இன்ஃபோ கோப்பு இருக்காது. இன்ஃபோகம்ப் கட்டளையால் விவரத்தை எடுத்து, சர்வரில் டிக் கட்டளைக்குக் கொடுத்து அங்கே பதிந்துவிடுவதுதான் முறையான தீர்வு. அதை விட்டுவிட்டு டெர்ம் மதிப்பை ஷெல் அமைப்புக் கோப்பில் எக்ஸ்டெர்ம்-256கலர் என்று நிரந்தரமாக எழுதிவைப்பது கெட்ட பழக்கம். ஒரே திரையில் பல டெர்மினல்களைத் தரும் டிமக்ஸுக்குள் போனால் அங்கே வேறு பெயர் இருக்க வேண்டும், அதையும் இந்த வரி அழித்துவிடும்.

டெர்மினலிடமே நேராகக் கேட்கவும் வழி இருக்கிறது. பின்னணியைச் சிவப்பு 1, பச்சை 2, நீலம் 3 என்ற நிறத்துக்கு மாற்றிவிட்டு, இப்போதைய அமைப்பு என்ன என்று விசாரிக்கும் குறியீட்டை அனுப்பலாம். அதே மூன்று எண்ணும் திரும்பினால் முழு நிறம் உண்டு. ஆனால் இந்தக் கேள்வியையே அறியாத டெர்மினல் மௌனமாக இருக்கும், எவ்வளவு நேரம் காத்திருப்பது? அதனால் கூடவே ‘நீ யார்’ என்ற அடிப்படைக் கேள்வியையும் அனுப்புவார்கள், அதற்குப் பெரும்பாலும் எல்லா டெர்மினலும் பதில் சொல்லும். இரண்டாவதன் பதில் முதலில் வந்தால் முன்னதற்குப் பதில் இல்லை என்று பொருள். பதில் விசைப்பலகை உள்ளீடு வரும் வழியிலேயே வருவதால், வரி முடியும்வரை காத்திருக்கும் முறையையும் எதிரொலியையும் முதலில் அணைக்க வேண்டும். பொறுமையிழந்து நிரல் முன்னதாகவே முடிந்துவிட்டால், தாமதமாக வரும் பதில் ப்ராம்ப்டில் புரியாத எண்களாக வந்து விழும். சின்னக் கருவிகளுக்கு இந்த வம்பு வேண்டாம் என்பேன்.

விண்டோஸில் கணக்கு வேறு. பழைய கன்சோலுக்கு இந்தக் குறியீடுகள் புரியாது, விண்டோஸ் 10 காலத்தில்தான் சேர்த்தார்கள். கன்சோல் அமைப்பைப் படித்து, 4 என்ற மதிப்புள்ள பிட்டைச் சேர்த்துத் திருப்பி எழுதிப் பாருங்கள். ஏற்றுக்கொண்டால் நிறம் உண்டு, மறுத்தால் இல்லை. பதிப்பு எண்ணைப் பார்த்து ஊகிப்பதைவிட இது நம்பகமானது.

இத்தனையும் தாண்டி, பயனருக்கு நிறம் பிடிக்காமலும் போகலாம். 2017 முதல் பரவிய மரபுப்படி ‘நோ_கலர்’ என்ற மாறியில் வெற்றாக இல்லாத எதுவும் இருந்தால் நிறத்தை நிறுத்த வேண்டும். 0 என்று எழுதினாலும் நிறுத்தம்தான், பலர் தடுக்கி விழும் இடம் இது. மறுபக்கம், நிரல்களைத் தானாகச் சோதித்து ஓட்டும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போன்ற இடங்களில் வெளியீடு டெர்மினலுக்குப் போவதில்லை, ஆனாலும் லாக் பக்கம் வண்ணத்தைக் காட்டும். நிறத்தைக் கட்டாயமாக்கும் ‘ஃபோர்ஸ்_கலர்’ மாறி அதற்குத்தான். கட்டளையோடு கொடுத்த விருப்பம் எல்லாவற்றுக்கும் மேல், அடுத்து இந்த மாறிகள், அதன்பின் இஸ்ஏடிடிஒய், கடைசியில் டெர்ம் என்று வரிசை வைத்துக்கொண்டால் புகார் குறையும்.

எழுதிய நிரலைச் சோதிக்க, அதன் வெளியீட்டை ‘கேட் -வி’ கட்டளைக்குப் பைப்பில் விடுங்கள். ஒளிந்திருக்கும் எஸ்கேப் எல்லாம் கேரட் குறியோடு வெளியே தெரியும். டெர்ம் மதிப்பை டம்ப் என்று வைத்து ஒருமுறை, 2-ஆம் எண்ணை மட்டும் கோப்புக்குத் திருப்பி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பைப்பிலும் நிறத்தைக் காண வேண்டுமானால் ‘ஸ்கிரிப்ட்’ கட்டளைக்குள் ஓட்டலாம். அது போலி டெர்மினல் ஒன்றை உருவாக்கித் தருவதால் இஸ்ஏடிடிஒய் ஆம் என்றே சொல்லும்.